இடது கைக் காபி

தில்லி மயூர் விஹாரில் இரண்டாவது மாடியில் இருக்கும் அந்த வீட்டில் காலை ஐந்தரை மணிக்குக் கர்ரென்று சத்தம் கேட்டால், பெரியவர் எழுந்துவிட்டார் என்று அர்த்தம். மத்திய பொதுப்பணித் துறையில் எலெக்ட்ரிகல் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, சீலிங் ஃபேன் என்று எது கெட்டாலும் கடைக்கு அனுப்பியதில்லை. பக்கவாதம் வந்து வலது கையையும் பேச்சில் பாதியையும் கொண்டுபோன பிறகு, அவருக்கு மிஞ்சிய ஒரே வீட்டு வேலை காபிக்கொட்டை அரைப்பது. இடது கையால் கொட்டையை அளந்து போடுவார். பொத்தானை அழுத்துவார். அவ்வளவுதான். ஆனால் அந்த வேலையை மனைவி தொட்டால் முகம் சுருங்கிவிடும்.

ஒரு நாள் சத்தம் மாறியது. 'டக்'கென்று ஏதோ முறிந்தது. அதன் பிறகு மோட்டார் ஓடியது, ஆனால் வந்தது தூள் அல்ல, ரவை. ஃபில்டரில் போட்டு வெந்நீர் ஊற்றினால் இரண்டே நிமிடத்தில் மொத்தமும் கீழே இறங்கிவிட்டது. அதை டிகாக்‌ஷன் என்று சொல்ல நாக்கு கூசும்.

"பார்ட் கிடைக்காது மாதாஜி, புதுசு வாங்கிடுங்க" என்றார் மார்க்கெட்டில் ரிப்பேர் கடைக்காரர். புனேயில் இருக்கும் மகனும் அதையேதான் சொன்னான். மூன்று நாள் கடைத் தூளில் காபி. பெரியவர் மறுபேச்சில்லாமல் குடித்தார். ஆனால் எட்டு மணிக்கு முன் எழுந்திருக்கவில்லை. அதுதான் அந்த அம்மாளைப் பயமுறுத்தியது.

மெஷினின் அடியில் ஒட்டியிருந்த எண்ணுக்கு போன் செய்தார். வாரண்டி முடிந்து நாலு வருடம் ஆகிவிட்டதால் பெரிய எதிர்பார்ப்பு இல்லை. ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்ற வழக்கமான சடங்கு முடிந்து எடுத்த பெண் இந்தியில் கேட்ட கேள்விகளுக்கு அம்மாளுக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவருக்கோ இந்தி போய்விட்டது. முப்பது வருடம் ஆபீஸில் பேசிய இந்தியும் இங்கிலீஷும் பக்கவாதத்தோடு போய், தமிழ் மட்டும் ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. பல மொழி பேசுகிறவர்களில் சிலருக்கு அப்படி ஆவதுண்டு. அம்மாள் இதைச் சொன்னதும் அந்தப் பெண், "தமிழ் தெரிந்தவர் நாளை பதினோரு மணிக்குப் பேசுவார்" என்றார். இதுபோல் எத்தனை வாக்குறுதி கேட்டாகிவிட்டது!

பதினோரு மணிக்கு போன் வந்தது. டெக்னீஷியன், கோயம்புத்தூர்க்காரர். ஸ்பீக்கரில் போடச் சொன்னார். "சார், உடைஞ்ச சத்தம் மேல இருந்து வந்துச்சா, கீழ இருந்தா?"

பெரியவர் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. அரை நிமிடம் போயிற்று. அம்மாள் பொறுக்காமல் ஆரம்பித்தபோது, "இருங்கம்மா, சாரே சொல்லட்டும்" என்றது போன்.

"மே... ல."

அப்புறம் வேலை சுலபம். பிளக்கைப் பிடுங்கி, கொட்டைக் கிண்ணத்தைக் கழற்றி, மேல் வளையத்தைத் தூக்கியது அம்மாள். எதைத் திருக வேண்டும் என்று இடது ஆள்காட்டி விரல் காட்டியது. இந்த மெஷினில் மிக்ஸி மாதிரி பிளேடு கிடையாது. அசையாத ஒரு பல் வளையத்துக்குள் ஒரு கூம்பு சுழலும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் தூளின் பருமனைத் தீர்மானிக்கிறது. அந்த இடைவெளியில் பச்சைப்பயறு அளவில் ஒரு கல் இருந்தது. களத்தில் காயவைக்கும் கொட்டையில் கல் சேர்வது சகஜம். வளையத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் கொக்கி ஒன்று முறிந்திருந்தது.

"அது உடையறதுக்குன்னே வெச்சதுதான் சார். அது உடையலைன்னா கியர் போயிருக்கும்" என்றார் டெக்னீஷியன்.

"ஃபியூஸ்" என்றார் பெரியவர், யோசிக்காமல்.

"அதேதான் சார்!"

பழுது பார்க்கும் உரிமைக்கு ஒரு வரையறை வகுக்க மத்திய அரசு 2022 ஜூலையில் குழு அமைத்தது. அதே வருடம் டிசம்பர் 24-ல் இதற்காக ஓர் இணையதளமும் வந்தது. கைபேசி, வாகனம், வீட்டு உபயோகப் பொருள், விவசாயக் கருவி எல்லாம் அதில் அடக்கம். நல்லதுதான். ஆனால் அரை நிமிடம் காத்திருக்கும் பொறுமையை எந்த இணையதளத்தில் போடுவது?

ஆறாம் நாள் கூரியரில் வளையத் தாங்கி வந்தது. அதன் விலையைவிட கூரியர் கட்டணம் அதிகம். மறுபடி போன், மறுபடி ஸ்பீக்கர். பற்களில் படிந்து சிக்கெடுத்த காபி எண்ணெயைப் பிரஷ்ஷால் தேய்க்கச் சொன்னார், தண்ணீர் கூடாதாம். முதலில் வந்தது இன்னமும் ரவைதான். மோட்டார் ஓடும்போதே வளையத்தை இரண்டு எண் இறுக்க வேண்டும். அதை அம்மாள் செய்யப் போனார். பெரியவர் அவர் கையை விலக்கிவிட்டுத் தானே திருகினார். டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

இப்போது சத்தம் கேட்க ஐந்தே முக்கால் ஆகிறது. அதற்கு முன் கால் மணி நேரம், தட்டில் கொட்டையைப் பரப்பி, இடது கையால் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்.