மூடியைத் தள்ளிய நுரை

அன்றிரவு மணி இரண்டு இருக்கும். சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கும் இடத்திலிருந்து ‘டப்’பென்று ஒரு சத்தம். எழுந்து ஓடினேன். நான் பீர் ஊற வைத்திருந்த பிளாஸ்டிக் வாளியின் மூடி, சலவை இயந்திரத்தின் மேல் கிடந்தது. சுவரெல்லாம் பழுப்பு நுரை. கூரையிலிருந்தும் சொட்டிக்கொண்டிருந்தது. காயப் போட்டிருந்த அம்மாவின் சேலையும் தப்பவில்லை.

திரும்பிப் பார்த்தால், அம்மா நின்றுகொண்டிருந்தார்.

“இந்த வாடை எனக்குத் தெரியும்,” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. பழைய துண்டு ஒன்றை எடுத்துவந்து துடைக்கத் தொடங்கினார்.

வாளியில் இருப்பது ‘இஞ்சித் தண்ணி மாதிரி ஒன்று’ என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். அம்மா ஜொகூரில் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர். சம்பள நாளில், கள்ளுக்கடையிலிருந்து தாத்தா வரும்வரை பிள்ளைகள் தூங்காமல் காத்திருந்த கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டுக்குள் மது போத்தல் வந்ததே இல்லை. ஆனால், வேலையிட நண்பர் ஒருவர் தம் வீட்டில் காய்ச்சிய பீரைச் சுவைத்த நாளிலிருந்து எனக்கும் ஆசை பிடித்துக்கொண்டது.

சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர்கள், சொந்தப் பயன்பாட்டிற்காக, ஒரு வீட்டிற்கு மாதம் 30 லிட்டருக்கு மிகாமல் உரிமமின்றி பீர் காய்ச்சலாம். விற்கக்கூடாது. சட்டம் இடம் கொடுத்தது. என் வாளிதான் இடம் கொடுக்கவில்லை.

23 லிட்டர் வாளியில் 21 லிட்டர் ஊற்றியிருந்தேன். முளைகட்டிய பார்லியின் இனிப்புச் சாறு அது. அதில் ஈஸ்ட்டைச் சேர்த்தால் சர்க்கரையைத் தின்று, மதுவையும் கரியமில வாயுவையும் வெளிவிடும். வாயு வெளியேற மூடியில் ‘ஏர்லாக்’ என்ற சிறு குழாய் உண்டு. நுரை மேலேறி, ஹாப்ஸ் பூத்துகள்களைக் கொண்டுபோய் அந்தக் குழாயில் அடைத்துவிட்டது. வாயு நிற்குமா? மூடியையே தள்ளிவிட்டது.

வெயிலும் கைகொடுத்தது. பெரும்பாலான ‘ஏல்’ வகை ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் போதும். நம் வீட்டுக்குள்ளேயே 30 டிகிரி. போதாததற்கு, நொதிக்கும்போது அந்தச் சாறு தானே சூடாகி மேலும் சில டிகிரி ஏறும். சூடு கூடக் கூட வேகம் கூடும். வேகம் கூடினால் பீரில் தின்னர் வாடையும் அடிக்கும்.

மறுநாள் காலை, திட்டு விழும் என்று காத்திருந்தேன். அம்மா இட்லி மாவைக் கரைத்துக்கொண்டிருந்தார்.

“மாவை வைக்கும்போது பாத்திரத்துல பாதிதான் ஊத்துறேன். கீழே ஒரு தட்டு வைக்கிறேன். மூடியை அழுத்த மாட்டேன். முப்பது வருஷமா பாத்துக்கிட்டுத்தானே இருக்கே?”

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“நுரையைப் பாத்து நான் பயப்படலடா. என்கிட்ட மறைச்சே பாரு, அதுக்குத்தான் பயந்தேன். உங்க தாத்தாவும் மொதல்ல மறைச்சுத்தான் குடிச்சாரு.”

எனக்குப் பதில் வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எவ்வளவு குடிப்பேன், யாருடன், எப்போது என எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மாவைக் கரைத்தபடியே கேட்டார்.

“செய்யறதா இருந்தா என் கண் முன்னாடி செய்,” என்றார் கடைசியில்.

அடுத்த முறை அப்படித்தான் செய்தேன். அதே வாளியில் 15 லிட்டர் மட்டும். ஏர்லாக்குக்குப் பதிலாக முதல் மூன்று நாள்களுக்குத் தடித்த குழாய் ஒன்றைச் செருகி, அதன் மறுமுனையைத் தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் மூழ்க வைத்தேன். நுரை எவ்வளவு வந்தாலும் அதன் வழியே போய்விடும். வாளியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, ஈரத் துண்டைச் சுற்றி, உறைய வைத்த தண்ணீர்ப் போத்தல்களைக் காலையும் மாலையும் மாற்றினேன். 21 டிகிரியில் நின்றது. பகலில் நான் வேலைக்குப் போனதும் அம்மாதான் போத்தல்களை மாற்றினார். நான் கேட்கவில்லை.

குமிழி நின்றதும் அவசரப்பட்டுப் போத்தலில் அடைக்கக்கூடாது. சர்க்கரை மிச்சமிருந்தால் மூடிய போத்தலுக்குள் வாயு சேர்ந்து கண்ணாடியே வெடிக்கும். ஹைட்ரோமீட்டர் அளவு இரண்டு மூன்று நாள் மாறாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடைத்தேன். மொத்தம் 40 போத்தல்கள்.

அம்மா அதைச் சுவைத்ததில்லை. சுவைக்கச் சொல்லி நானும் கேட்டதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அலமாரியைத் திறந்து, மிச்சமிருக்கும் போத்தல்களை எண்ணுகிறார். சென்ற வாரம் 31.

“சரியா இருக்கு,” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அலமாரிக்கு நான் பூட்டு வாங்கவில்லை.