கண்ணாடித் தொட்டியில் கற்ற பாடம்



உங்கள் வீட்டு முன்மண்டபத்திலும் ஒரு மீன் தொட்டி இருக்கிறதா? அப்படியானால் எனக்கு நேர்ந்ததைக் கொஞ்சம் கேளுங்கள்.

எங்கள் தொட்டி இளைய மகனுடையது. அறுபது லீற்றர் தண்ணீர், அடர்ந்த பாசிச் செடிகள், நத்தைகள், பதினொரு கப்பி மீன்கள். ஒருநாள் அவன் கடையிலிருந்து நான்கு புது மீன்களை வாங்கி வந்து அப்படியே தொட்டியில் விட்டான். சில நாட்களில் மீன்களின் உடம்பில் உப்புத் தூவியது போல் வெள்ளைப் புள்ளிகள். கற்களில் உடம்பை உரசிக்கொண்டு திரிந்தன.

பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்தான். நான் கடையில் ஒரு நீல மருந்தை வாங்கி வந்து, கண்மட்டத்துக்கு ஊற்றினேன். போத்தலில் இருந்த சிறிய எழுத்தை வாசிக்கவில்லை. அது செப்புக் கலந்த மருந்து. நத்தைகள் செத்து அழுகின, செடிகள் கருகின, தண்ணீர் கலங்கி நாறியது. மறுநாள் காலையில் ஒன்பது மீன்கள் மிதந்தன. மகன் அழவில்லை. "உம்மா, நோயாலா செத்தது, மருந்தாலா?" என்று மட்டும் கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

பிறகுதான் படித்து அறிந்தேன். வெண்புள்ளி நோய் ஓர் ஒட்டுண்ணியால் வருவது. மீனின் தோலுக்குள் இருக்கும்போது அதை மருந்து தொடாது. அது வளர்ந்து கீழே விழுந்து, பலநூறாகப் பிரிந்து, குஞ்சுகள் நீரில் நீந்தும்போதுதான் அழிக்கலாம். நீந்தும் குஞ்சுக்கு இரண்டொரு நாளில் மீன் கிடைக்காவிட்டால் செத்துப்போகும்.

ஆகவே செடிக்கு மருந்து தேவையில்லை. மீனைத்தான் பிரிக்க வேண்டும். அடுத்த முறை நோய் வந்தபோது, எல்லா மீன்களையும் இருபது லீற்றர் தொட்டித் தண்ணீரோடு ஒரு பிளாஸ்ரிக் பேசினுக்கு மாற்றி, காற்றுக் குழாய் போட்டேன். லீற்றருக்கு இரண்டு கிராம் வீதம் நாற்பது கிராம் கல்லுப்பை, கரைத்து மூன்று தடவையாக ஒரு நாளில் சேர்த்தேன். கப்பி அதைத் தாங்கும். எல்லா மீனும் தாங்காது, செடிகள் பலவும் தாங்கா. தினமும் மூன்றிலொரு பங்கு நீரை மாற்றினேன். குளோரீன் போக வாளியில் ஒருநாள் திறந்து வைத்த நீரில், அதே அளவில் உப்புக் கரைத்துத்தான் ஊற்றினேன். கடைசிப் புள்ளி மறைந்த பின்னும் ஒரு கிழமை விட்டு வைத்தேன். செடித்தொட்டி இரண்டு கிழமைக்கு மேல் மீனில்லாமல் கிடந்தது. எங்கள் நாட்டுச் சூட்டில் அதற்குள் ஒட்டுண்ணி முடிந்துவிடும்.

இன்னும் சில கவனங்கள். புது மீனை மூன்று கிழமை வேறாக வைத்திருங்கள். பேசினுக்குத் தனி வலை வையுங்கள். சமையல் பாத்திரத்தை இதற்கு எடுக்காதீர்கள். மலகைட் கிரீன், போமலின் போன்ற மருந்துகளை வெறுங்கையால் தொடாதீர்கள். வயிற்றில் பிள்ளையுள்ளவர்கள் கிட்டவே போக வேண்டாம். சிறுவர்களுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

அந்த முறை ஒரு மீனும் சாகவில்லை. மகன் பேசினருகே குந்தியிருந்து ஒவ்வொன்றாக எண்ணினான். முதலில் ஒரு கேள்வி கேட்டவன், இப்போது ஒன்றும் கேட்கவில்லை.

சகோதரிகளே, வாயில்லாச் சீவனுக்கு மருந்து கொடுக்குமுன் போத்தலை வாசியுங்கள். அவசரமும் ஒரு நஞ்சுதான்.