நூல் நூற்கிறவளின் பெயரில் ஒரு பரம்பரையலகு

க்ளோத்தோவை யாரும் தேடிப்போய்க் கண்டுபிடிக்கேல்லை. யப்பானில் மகோட்டோ குரோ-ஓ என்ற ஆய்வாளர் உயர் குருதியமுக்கம் பற்றி வேலை செய்துகொண்டிருந்தார். அதற்காக எலிகளுக்குள் வெளியிலிருந்து ஒரு பரம்பரையலகைச் செலுத்த, அது போய் விழுந்த இடத்தில் வேறொரு பரம்பரையலகு கெட்டுப்போனது. அப்படிப் பிறந்த எலிக்குட்டிகள் மூன்று நாலு கிழமை ஒழுங்காய் வளர்ந்தன. பிறகு திடீரென்று கிழடு தட்டத் தொடங்கின. நாடிகள் தடித்து, எலும்பு நொய்ந்து, தோல் மெலிந்து, இரண்டு மாதமளவில் செத்துப்போயின. 1997இல் இது வெளிவந்தது. கெட்டுப்போன பரம்பரையலகுக்கு, மனிதரின் உயிர்நூலை நூற்கிற கிரேக்கத் தெய்வத்தின் பெயரை வைத்தார்கள். எங்கட ஊரில் கண்டுபிடித்திருந்தால் தலையெழுத்து என்று வைத்திருப்போமோ தெரியாது!

2005இல் மறுவளமாகச் செய்து பார்த்தார்கள். க்ளோத்தோ கூடுதலாகச் சுரக்கும் எலிகள் 20 தொடக்கம் 30 வீதம் வரை கூடக் காலம் வாழ்ந்தன.

நாங்கள் நாலைந்து பேர் இதைப் பற்றித் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கியது நீண்ட ஆயுளுக்கு ஆசைப்பட்டல்ல. எங்களில் ஒருத்தியின் அம்மாவுக்கு 47 வயதில் மார்புப் புற்றுநோய். பார்க்க வந்த சனம் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தது. "வயசு போக வாறதுதானே" என்றார் ஒருவர். "ஆற்றயோ கண்ணூறு" என்றார் இன்னொருவர். என்ன சாப்பிட்டவா, என்ன பாவம் செய்தவா என்று குசினிக்குள் மெதுவாய்க் கதைத்ததும் எங்கட காதில் விழுந்தது. அன்ரி எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்திக் குடுத்துக்கொண்டு நின்றா.

வயது கூடக் கூடப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுவது உண்மைதான். ஆனால் "வாறதுதானே" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போக ஏலாது. உள்ளுக்குள்ள என்ன நடக்குது?

2008இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் மார்பு இழையங்களை எடுத்துப் பார்த்தார்கள். சாதாரண இழையத்தில் க்ளோத்தோ நிறைய இருந்தது, புற்றுக் கட்டிகளில் குறைவாக இருந்தது. ஆய்வுகூடத்தில் புற்றுக் கலங்களுக்குள் க்ளோத்தோவைத் திரும்பக் கொடுத்தபோது அவற்றின் வளர்ச்சி குறைந்தது. காரணம் ஓரளவுக்கு விளங்கிக்கொள்ளக்கூடியது. இன்சுலினும் அதை ஒத்த வளர்ச்சிக் காரணியும் கலத்தின் வாசலில் நின்று "வளர், பிரி" என்று கத்துகின்றன. க்ளோத்தோ அந்தச் சத்தத்தைக் குறைக்கிறது. புற்றுக் கலத்துக்கோ அந்தச் சத்தம்தான் சாப்பாடு.

எங்களை அதிகம் நிறுத்தி வைத்த விசயம் இதற்கு அடுத்தது. பல கட்டிகளில் க்ளோத்தோ உடைந்து கிடக்கவில்லை. பரம்பரையலகு அப்படியே இருக்கிறது, அதன் தொடக்கத்தில் மெதைல் கூட்டங்கள் போய் ஒட்டி அதை வாசிக்க விடாமல் செய்கின்றன. புத்தகம் கிழியேல்லை, பக்கங்கள் ஒட்டிப்போய்க் கிடக்கு. இதைச் சொன்னபோது எங்கட சிநேகிதி கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "அப்ப ஆரும் ஒண்டும் செய்யேல்லை, என்ன?" என்று மட்டும் கேட்டாள்.

முதுமையைத் தள்ளிப்போடுவதெல்லாம் புற்றையும் தடுக்கும் என்று நினைத்துவிடவும் கூடாது. 2002இல் பி53 என்ற புற்றுத் தடுப்புப் பரம்பரையலகு அளவுக்கு மீறி வேலை செய்த எலிகளைப் பற்றி ஒரு ஆய்வு வந்தது. அவற்றுக்குக் கட்டிகள் குறைவு, ஆனால் சீக்கிரமே கிழடாகிவிட்டன. கலம் பிரிவதை ஒரேயடியாய் நிறுத்தினால் புண் ஆறவும் இழையம் புதுப்பிக்கவும் எது மிஞ்சும்? க்ளோத்தோ இரண்டு பக்கமும் உதவுகிற மாதிரித் தெரிவதால்தான் அதில் இவ்வளவு ஆர்வம். எண்டாலும் எலி எலிதான். இன்றைக்குப் புற்றுநோய்க்கு க்ளோத்தோ மருந்தென்று எந்தக் கிளினிக்கிலும் எழுதித் தரமாட்டார்கள்.

ஆனால் விற்பவர்கள் இருக்கிறார்கள். "க்ளோத்தோவைக் கூட்டும்" என்று ஒட்டிய போத்தலின் படத்தை ஒரு சொந்தக்காரர் வட்சப்பில் அனுப்பியிருந்தார். க்ளோத்தோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமினோவமிலங்கள் கோர்த்த பெரிய புரதம். அதையே குளிசையாக்கி விழுங்கினாலும் பருப்பைப் போலச் சமித்துப் போகும். அந்தப் போத்தலில் அதுவும் இல்லை, ஏதோ மூலிகைச் சாறு. விலை, அன்ரியின் வீட்டு மாதச் சாப்பாட்டுக் காசுக்குக் கிட்ட.

நாங்கள் இதையெல்லாம் விளங்கப்படுத்த அன்ரி பொறுமையாய்க் கேட்டுக்கொண்டிருந்தா. போத்தலின் படத்தை இன்னொருக்காப் பெரிசாக்கிப் பார்த்துவிட்டு, போனை மகளிடம் குடுத்தா. "உந்தக் காசுக்கு எத்தினை தரம் கிளினிக்குக்கு ஓட்டோ பிடிக்கலாம், கணக்குப் பார்" என்றா.