துப்பாக்கிகள் பரீட்சை எழுதும் வீடு!

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில், நியூ ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தில் இறங்கி, புல் ரிங் கடைவீதியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் டிக்பெத் வந்துவிடும். ஒரு காலத்தில் ஆலைகள் தோளோடு தோள் உரசி நின்ற பகுதி இது. இன்றும் கறுத்த செங்கல் சுவர்கள், தலைக்கு மேலே ரயில் பாலங்கள், அவற்றின் அடியில் அசையாமல் கிடக்கும் கால்வாய்கள் என்று பழைய வாசம் மாறாமல் இருக்கிறது.

நம் வீட்டுச் சமையலறையோடும் இந்தப் பகுதிக்கு உறவு உண்டு. மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாததால் முட்டையே இல்லாத கஸ்டர்ட் பவுடரைக் கண்டுபிடித்த ஆல்ஃப்ரட் பேர்டின் நிறுவனம் இங்கேதான் ஆலை நடத்தியது. 'கஸ்டர்ட் ஃபேக்டரி' என்ற பெயரிலேயே அந்தக் கட்டடங்களில் இப்போது கடைகளும் கலைக்கூடங்களும் இயங்குகின்றன. பக்கத்திலேயே டைஃபூ தேயிலை ஆலை. ஆரம்ப காலத்தில் அது நம்பியிருந்தது இலங்கைத் தேயிலையை. அங்கே மலையகத் தமிழர்கள் பறித்த கொழுந்து, கப்பலேறி வந்து சேர்ந்த இடங்களில் இந்தக் கால்வாய்க் கரையும் ஒன்று.

அங்கிருந்து சில நிமிட நடையில் பான்பரி தெரு. அதில் ஒரு பழைய செங்கல் கட்டடம். வாசலுக்கு மேலே போர்க்கருவிகளைக் குவித்துவைத்தது போன்ற பெரிய சிற்பம். பொதுமக்களின் பாதுகாப்புக்காக 1813-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டது என்று சொல்லும் எழுத்துகள். இதுதான் பர்மிங்ஹாம் ப்ரூஃப் ஹவுஸ்.

இங்கே துப்பாக்கி செய்வதில்லை, விற்பதும் இல்லை. வேறு யாரோ செய்த துப்பாக்கியை வாங்கி, வேண்டுமென்றே அளவுக்கு மீறிய அழுத்தம் தரும் தோட்டாவைப் போட்டுச் சுடுகிறார்கள். குழல் தாங்கினால் முத்திரை. வீங்கினாலோ, கீறல் விட்டாலோ தோல்வி. 200 ஆண்டுகளுக்கும் மேலாக இதே வேலை!

புகாரில் பிறந்த வீடு

18-ம் நூற்றாண்டில் பர்மிங்ஹாம் துப்பாக்கித் தொழிலுக்குப் பேர்போன ஊர். ஒரே ஆள் முழுத் துப்பாக்கியையும் செய்வதில்லை. குழல் அடிப்பவர் ஒருவர், விசை செய்பவர் ஒருவர், மரக்கட்டை இழைப்பவர் ஒருவர் என்று சந்துக்குச் சந்து சிறு பட்டறைகள். நல்ல வேலையும் நடந்தது, மட்டமான வேலையும் நடந்தது. ஆப்பிரிக்கக் கடற்கரையில் மனிதர்களை அடிமைகளாக வாங்குவதற்குப் பண்டமாற்றாகக் கொடுக்கப்பட்ட மலிவுத் துப்பாக்கிகளில் பெரும்பகுதி இங்கிருந்து போனதுதான். அவற்றில் பல, சுடுபவர் கையிலேயே வெடித்துச் சிதறுகின்றன என்ற புகார் அந்தக் காலத்திலேயே எழுந்தது.

லண்டனில் துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரையிடும் உரிமை 1637-லிருந்தே அங்கிருந்த தொழிலாளர் சங்கத்துக்கு இருந்தது. தங்கள் சரக்குக்கும் அப்படியொரு நம்பிக்கை வேண்டும் என்று பர்மிங்ஹாம் வியாபாரிகள் கேட்டு வாங்கியதே 1813 சட்டம். இன்று பிரிட்டனில் சோதனை முத்திரை இல்லாத துப்பாக்கியை விற்பது குற்றம். முத்திரையிடும் அதிகாரம் உள்ள இடங்கள் இரண்டே இரண்டு: லண்டன், பர்மிங்ஹாம்.

ஆரம்ப நாள்களில் குழல்களை வரிசையாகப் படுக்கவைத்து, அவற்றின் பின்பக்கம் நீளமாக வெடிமருந்தைத் தூவி, கதவைச் சாத்திவிட்டுத் தீ வைப்பார்கள். எல்லாக் குழல்களும் சடசடவென்று வெடிக்கும். குண்டுகள் எதிரே இருக்கும் மண்மேட்டில் போய்ப் புதையும். புகை அடங்கியதும் உள்ளே போய், எது பிழைத்தது என்று பார்ப்பார்கள். இப்போது குழலைப் பாதுகாப்பான அறையில் பொருத்தி, வெளியே இருந்தபடி விசையை இழுக்கிறார்கள். சுடுவதற்கு முன்னும் பின்னும் நுணுக்கமாக அளக்கிறார்கள்.

எவ்வளவு அழுத்தம்?

பெட்ரோல் பங்க்கில் கார் டயருக்கு '32 வைங்க' என்கிறோம் அல்லவா? அது ஒரு சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு அழுத்தம். மான் வேட்டையில் பரவலாகப் பயன்படும் '.308 வின்செஸ்டர்' ரகத் தோட்டா வெடிக்கும்போது குழலுக்குள் அனுமதிக்கப்படும் உச்ச அழுத்தம் சுமார் 60,000 பவுண்டு. டயரைப் போல ஏறக்குறைய 1,900 மடங்கு! அதுவும் சுடுபவரின் கன்னத்துக்குச் சில அங்குலம் தள்ளி. ரைஃபிளைச் சோதிக்கும்போது அந்த உச்ச வரம்புக்கும் மேலே 25 சதவிகிதம் அழுத்தம் கொடுக்கிறார்கள்.

இவ்வளவையும் உண்டாக்கும் மருந்தின் எடை மூன்று கிராமுக்கும் குறைவு. பழைய கரிமருந்தின் இடத்தை 19-ம் நூற்றாண்டின் இறுதியில் புகையில்லா மருந்து பிடித்தது. பிரான்ஸில் 1884-ல் அது வந்தது. பிரிட்டன் 1889-ல் கண்ட வடிவத்துக்கு கார்டைட் என்று பெயர். பார்க்க இடியாப்பம் போல இழை இழையாக இருக்கும். ஊட்டி மலை ரயிலில் போகிறவர்கள் வெலிங்டனைத் தாண்டியதும் பார்க்கும் அருவங்காடு தொழிற்சாலை, அந்த கார்டைட்டுக்காகவே 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது.

வீட்டு மேஜையில் ஒரு தராசு

ப்ரூஃப் ஹவுஸின் வேலை முத்திரையோடு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு அந்தத் துப்பாக்கிக்குள் என்ன போடப்படுகிறது என்பது உரிமையாளரின் பொறுப்பு. இங்கேதான் இன்னொரு உலகம் திறக்கிறது.

பிரிட்டனில் ஆறு வகை மான்கள் காடுகளில் திரிகின்றன. ஓநாயும் லின்க்ஸ் பூனையும் எப்போதோ அழிந்துபோனதால், மான்களைக் கட்டுப்படுத்த இயற்கையில் எதிரி இல்லை. அதனால் போலீஸ் உரிமம் பெற்ற வேட்டைக்காரர்கள் அவற்றைச் சுட அனுமதி உண்டு. அவர்களில் ஒரு பகுதியினர் தோட்டாவைக் கடையில் வாங்காமல் வீட்டிலேயே நிரப்பிக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் இந்தப் பழக்கம் இன்னும் பரவலானது. (இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது கடும் குற்றம். வேட்டைக்கும் 1972 வனவிலங்குச் சட்டம் தடை போட்டிருக்கிறது.)

தோட்டாவில் நான்கு பாகங்கள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி கிளப்பும் சிறு பிரைமர், உள்ளே மருந்து, நுனியில் குண்டு. சுட்ட பிறகும் பித்தளைக் கூடு கையில் மிஞ்சும். அதைச் சுத்தம் செய்து, பழைய வடிவத்துக்கு அழுத்தி, புதுப் பிரைமர் வைத்து, மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டைப் பொருத்துகிறார்கள். செலவு ஒரு காரணம். தன் துப்பாக்கியின் குணத்துக்கு ஏற்ற தோட்டா கிடைக்கும் என்பது பெரிய காரணம். குறி துல்லியமாக இருந்தால்தான் மான் துடிக்காமல் சாகும்.

மருந்தை நிறுக்கும் அளவுக்கு 'கிரெயின்' என்று பெயர். தானிய மணியின் எடையிலிருந்து வந்த அளவு. நம் பொற்கொல்லர்கள் தங்கம் நிறுத்த குன்றிமணியில் ஏறக்குறைய பாதி. அந்தப் பாதிக் குன்றிமணி கூடினாலும் குறைந்தாலும் குழலுக்குள் நடப்பது மாறிவிடும்.

அதனால் மருந்துத் தயாரிப்பாளர்கள், ஆய்வகத்தில் கருவி வைத்து அளந்து அட்டவணை வெளியிடுகிறார்கள். அனுபவசாலிகள் அதில் உள்ள ஆரம்ப அளவில்தான் தொடங்குவார்கள். அது பெரும்பாலும் உச்ச அளவைவிட 10 சதவிகிதம் குறைவாக இருக்கும். பிறகு படிப்படியாக ஏறுவார்கள். ஒவ்வொரு முறை சுட்டதும் பித்தளைக் கூட்டைக் கையில் எடுத்து, வைத்தியர் நாடி பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள்.

பிரைமரின் உருண்டையான ஓரம் தட்டையாக நசுங்கியிருக்கிறதா? ஊசி குத்திய பள்ளத்தைச் சுற்றி வரப்பு கட்டியிருக்கிறதா? கூட்டின் அடிப்பக்கத்தில் பளபளவென்று புதுத் தழும்பு இருக்கிறதா? தோட்டாவை வெளியே எடுக்கும் கைப்பிடி வழக்கத்தைவிட இறுக்கமாகத் தூக்குகிறதா? இவையெல்லாம் உள்ளே அழுத்தம் எகிறுகிறது என்பதற்கான அறிகுறிகள். ஒன்று தெரிந்தாலும் நிறுத்திவிட வேண்டும். பித்தளைக் கூடுதான் எரியும் வாயுவுக்கும் சுடுபவரின் முகத்துக்கும் இடையே உள்ள அடைப்பு. அது கிழிந்தால் வாயு பின்பக்கமாகச் சீறும். சுடும்போது கண்ணாடி அணிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தாமதமாகப் பேசும் பித்தளை

இந்த அறிகுறிகளை நம்பி எல்லை வரை போகலாமா? கூடாது. பித்தளை தாமதமாகத்தான் பேசும். அது உருமாறித் தழும்பு காட்டும்போது, அழுத்தம் பெரும்பாலும் வரம்பைத் தாண்டியிருக்கும். ஒரு நிறுவனத்தின் பிரைமர் மென்மையானது, சீக்கிரம் நசுங்கும். இன்னொன்று கெட்டியானது, ஆபத்திலும் அசையாது. கூட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் பொய்த் தழும்பு விழும். குளிர்காலத்தில் சாதுவாக இருந்த அதே தோட்டா, வெயிலில் நின்ற காருக்குள் கிடந்து சூடேறினால் அழுத்தம் கூடும். குண்டைக் கொஞ்சம் முன்னே தள்ளிப் பொருத்தி, அது குழலின் வரிகளில் முட்டினாலும் கூடும். ஒருவர் துப்பாக்கியில் நன்றாக ஓடிய அளவு, அதே ரக வேறொரு துப்பாக்கியில் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் ஊர்ப் பழமொழி. இந்தத் தொழிலில், மிஞ்சியது தெரியும் நேரத்தில் திரும்பி வர வழி இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் அறிகுறி தெரியவில்லை என்பதைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளாமல், அட்டவணையில் போட்ட உச்ச அளவிலேயே நின்றுவிடுகிறார்கள் நிதானமானவர்கள். ப்ரூஃப் ஹவுஸ் 25 சதவிகிதம் கூட்டிச் சோதித்தது என்பதும், அந்த 25-ஐ நாம் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கான அனுமதி அல்ல. அது எதிர்பாராத நேரத்துக்காக ஒதுக்கிவைத்த சேமிப்பு.

பரணில் கிடக்கும் தாத்தா காலத்துத் துப்பாக்கிக்கும் இது பொருந்தும். கரிமருந்துக்காகச் சோதிக்கப்பட்ட குழலில் இன்றைய மருந்தைப் போட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்ல முடியாது. அதைச் சொல்வது முத்திரைகள்தான். 1954-லிருந்து பர்மிங்ஹாமில் குத்தப்படும் முத்திரை, கிரீடத்துக்குக் கீழே 'பி.என்.பி.' என்ற மூன்று எழுத்து. 'இந்தக் குழல் புகையில்லா மருந்துக்குச் சோதிக்கப்பட்டது' என்று அர்த்தம். தேய்ந்தோ திருத்தப்பட்டோ குழலின் அளவு மாறிவிட்டால், மறுபடியும் பரீட்சைக்கு வர வேண்டும்.

பழைய ஆயுதங்களும் முத்திரைகளும் அடங்கிய அருங்காட்சியகம் ஒன்று உள்ளே இருக்கிறது. தினமும் வேலை நடக்கும் இடம் என்பதால் நினைத்த நேரத்தில் நுழைந்துவிட முடியாது. முன்னதாகவே கேட்டுக்கொண்டு போக வேண்டும். ஆனால், வாசல் சிற்பத்தையும் பக்கத்தில் ஓடும் கால்வாயையும் பார்க்க யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அந்த முத்திரைக்கும் ஓர் எல்லை உண்டு. துப்பாக்கிக்குப் பின்னால் நிற்பவரின் உயிருக்குத்தான் அது உறுதி சொல்கிறது. முன்னால் நிற்கும் உயிருக்கு எந்தக் குழலிலும் முத்திரை கிடையாது. அந்தப் பொறுப்பைப் பிடித்திருப்பவரின் கையிலேயே விட்டுவிடுகிறது பான்பரி தெருவின் அந்தச் செங்கல் வீடு.