மகள் வீட்டில் ஐஸ் கம்பெனி

நாகப்பட்டினத்தில் முப்பது வருஷ காலம் ஐஸ் கம்பெனியில் மிஷின் ரூம் போர்மனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அம்மோனியா நெடி என் மூக்குக்கு மல்லிகைப்பூ மாதிரி. ஆகையால், 2022-ஆம் வருஷம் அக்டோபரில் நானும் என் மனைவியும் கனடாவில் மகள் வீட்டில் போய் இறங்கியபோது, மாப்பிள்ளை என்னிடம் ஒரு யோசனை கேட்டதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நான் சொன்ன யோசனை இருக்கிறதே, அதுதான் ஆச்சரியம்!

மகளும் மாப்பிள்ளையும் அதற்கு முன் நாலு வருஷம் வான்கூவரில் குடியிருந்தார்கள். அங்கே அவர்கள் வீட்டைக் குளிர்காலத்தில் சூடாக்கியது 'ஹீட் பம்ப்' என்கிற யந்திரம். உத்தியோகம் மாறி ஒட்டாவாவுக்கு வந்து, ஊருக்கு வெளியே ஒரு பழைய வீடு வாங்கினார்கள். அந்த வீட்டு எண்ணெய் உலை கடைசி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கைக்குழந்தையோ ஆறு மாதம். குளிருக்கு முன்னால் ஏதாவது செய்தாக வேண்டும்.

ஹீட் பம்ப் ஒன்றும் மாயாஜாலம் அல்ல. நம் ஊர் ஏ.சி. அறையிலுள்ள உஷ்ணத்தை அள்ளி வெளியே கொட்டுகிறதல்லவா? அதையே திருப்பிப் போட்டு, வெளியே உள்ள உஷ்ணத்தை அள்ளி வீட்டுக்குள் கொட்டச் சொன்னால் ஹீட் பம்ப். "பனிக்கட்டியாய் உறைந்த ஊரில் வெளியே ஏது உஷ்ணம்?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால், மைனஸ் 273 டிகிரிக்குப் போனால்தான் உஷ்ணம் அறவே இல்லாமல் போகும். எங்கள் கம்பெனித் தொட்டியில் மைனஸ் 10 டிகிரி உப்புத் தண்ணீரிலிருந்தே உஷ்ணத்தை உறிஞ்சிக்கொண்டுதானே இருந்தோம்! கெல்வின் பிரபு 1852-லேயே இந்த வழியை எழுதிவைத்துவிட்டார். ஸ்விட்ஸர்லாந்தில் ஜூரிச் நகர மண்டபத்தை 1938-ல் ஆற்றுத் தண்ணீரின் உஷ்ணத்தைக் கொண்டே சூடாக்கினார்கள். மின்சாரக் கணப்பு, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் உஷ்ணம் தரும். ஹீட் பம்ப், குளிர் மிதமாக இருக்கும் நாளில் மூன்று யூனிட், அதற்கு மேலும் தரும். உஷ்ணத்தை உண்டாக்குவதில்லையே, சுமந்து வருகிறது, அவ்வளவுதான்.

"வான்கூவரில் இருந்த அதே மாடல், மூணு டன். இங்கேயும் அதையே போட்டுவிடலாமா, மாமா?" என்றார் மாப்பிள்ளை.

"மூணு டன் எங்கே போனாலும் மூணு டன்தான், மாப்பிள்ளை! தைரியமாய்ப் போடுங்கள்" என்றேன்.

இந்த 'டன்' என்ற கணக்கே எங்கள் ஐஸ் தொழில் தந்த சீதனம். ஒரு டன் ஐஸ் இருபத்துநாலு மணி நேரத்தில் உருக எவ்வளவு உஷ்ணம் வேண்டுமோ அதுதான் ஒரு டன். சுமார் மூன்றரை கிலோவாட். இதையும் ஒரு சொற்பொழிவாக மாப்பிள்ளைக்கு எடுத்துச் சொன்னேன். விற்க வந்தவர், "கூடவே மின்சாரக் கம்பிச் சுருள் ஒன்று வைக்கட்டுமா?" என்று கேட்டார். "தண்டச் செலவு" என்று தலையை ஆட்டியதும் அடியேன்தான். எண்ணெய் உலையைப் பெயர்த்தெடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நவம்பர் சுகமாகப் போயிற்று. டிசம்பரில் யந்திரம் இராப்பகலாய் ஓட ஆரம்பித்தது. வெளிப்பெட்டியைத் தரையோடு தரையாக வைத்திருந்ததால், பனி உருகி வழிந்த தண்ணீர் அதன் காலடியிலேயே உறைந்து பாறையாயிற்று. நான் தினமும் வெந்நீர்க் கெட்டிலோடு அதற்கு அபிஷேகம் செய்துவந்தேன்.

2023 பிப்ரவரி முதல் வாரத்தில் வந்தது பாருங்கள் ஒரு குளிர்! தெர்மாமீட்டர் மைனஸ் 20-ஐத் தாண்டியதும் யந்திரம் தானாகவே நின்றுவிட்டது. அதற்குக் கீழே ஓடாதபடிதான் அதைச் செய்திருக்கிறார்களாம். இராத்திரி இரண்டு மணிக்கு வீட்டுக்குள் 12 டிகிரி. குழந்தையின் கையைத் தொட்டுப் பார்த்த என் மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் திட்டியிருந்தால் தேவலை. பக்கத்து வீட்டுக் கிழவர் இரண்டு மின்சாரக் கணப்புகளைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரே அறையில் ஐந்து பேரும் ஒண்டிக்கொண்டோம். குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்த என் மனைவி சொன்னாள்: "முப்பது வருஷம் பழகின கையல்லவா! மகள் வீட்டையும் ஐஸ் கம்பெனி ஆக்கிவிட்டீர்களே!"

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மிஷின் ரூமிலே என் கண்ணெதிரே முப்பது வருஷம் தொங்கிய சக்ஷன் கேஜ்தான் ஞாபகத்துக்கு வந்தது. தொட்டியில் குளிர் ஏற ஏற அந்த முள் இறங்கும். முள் இறங்கினால் கம்ப்ரஸர் ஒவ்வொரு தடவையும் இழுக்கிற ஆவி இளைத்துப்போகும். கம்ப்ரஸர் அதே வேகத்தில் ஓடினாலும் வேலை குறையும். ஐஸ் கம்பெனியில் எடுபிடிப் பையனுக்குக்கூட இது தெரியும். பெட்டியில் எழுதியிருந்த மூணு டன், வெளியே 8 டிகிரி இருக்கும்போது கிடைக்கும் மூணு டன். மைனஸ் 15-ல் அது ஏறக்குறைய பாதி. குளிர் ஏறினால் வீடு அதிகமாய்க் கேட்கும். யந்திரமோ குறைவாய்க் கொடுக்கும். வான்கூவரில் இந்த இரண்டும் அவ்வளவாய் மோதிக்கொள்வதில்லை. அங்கே வீடுகளுக்குக் கணக்குப் போடும் குளிர் சுமார் மைனஸ் 7. ஒட்டாவாவிலோ மைனஸ் 25!

விற்றவரை நொந்து என்ன பயன்? கேட்ட மாடலைக் கொடுத்தார்.

கோடையில் மறுபடி ஆரம்பித்தோம். இந்தத் தடவை கடைக்குப் போகுமுன் வீட்டை அளந்தோம். கணக்கெடுக்க வந்தவர் வாசற்படியில் பெரிய மின்விசிறி ஒன்றை மாட்டி ஓட்டினார். எங்கெங்கே சந்து பொந்து என்று காற்றே காட்டிக்கொடுத்தது. மைனஸ் 25-ல் இந்த வீட்டுக்குப் பத்து கிலோவாட் வேண்டும் என்றார். சந்துகளை அடைத்து, பரண்மேல் கனமாகப் பஞ்சு நிரப்பியதும் அது எட்டாயிற்று. இரண்டு கிலோவாட்டுக்கு யந்திரம் வாங்குவதைவிட இது மலிவு.

பயந்துபோயிருந்த மாப்பிள்ளை, "அஞ்சு டன்னாகவே போட்டுவிடலாம், மாமா" என்றார். கூடாது என்றேன். அளவுக்கு மீறிய யந்திரம் மிதமான நாளில் ஓடுவதும் நிற்பதுமாய்ச் சாகும், கோடையில் ஏ.சி.யாக ஓடும்போது புழுக்கத்தையும் சரியாய் இறக்காது. பூமிக்குள் துளை போட்டு உஷ்ணம் எடுக்கிற வகையும் உண்டு. ஆழத்தில் மண் வருஷம் பூராவும் உறையாமல் ஒரே சீராக இருப்பதால் அது உத்தமம்தான். துளை போடக் கேட்ட தொகையில் நாகையில் ஒரு வீடே கட்டிவிடலாம்!

பிறகு விளம்பரத் தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு யந்திரம் 8 டிகிரியில் பதினாலு கிலோவாட் என்று கொட்டை எழுத்தில் மார்தட்டியது; பின்பக்கத்துப் பொடி எழுத்தில் மைனஸ் 25-க்கு ஐந்துதான். இன்னொன்று முன்பக்கத்தில் அடக்கமாகப் பதினொன்று. மைனஸ் 25-லும் எட்டு. கம்ப்ரஸர் தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓடும் வகை. அந்தக் குளிரிலும் ஒரு யூனிட்டுக்கு ஒன்றரை யூனிட்டுக்கு மேல் கொடுக்குமாம். விலை அதிகம். அதையே வாங்கினோம். நார்வேயில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் ஹீட் பம்ப் ஓடுவது இப்படிப் பார்த்துப் பொறுக்கித்தான் இருக்க வேண்டும். வெளிப்பெட்டியை இடுப்புயர ஸ்டாண்டில் ஏற்றினோம். மின்சாரக் கம்பிச் சுருளையும் வைக்கச் சொன்னேன். இந்தத் தடவை மாப்பிள்ளை கேட்குமுன் நானே சொன்னேன்.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு நாள் இராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தது. ஜன்னலண்டை போய்ப் பார்த்தேன். வெளியே மைனஸ் 21. பெட்டியின் விசிறி ஒரு நிமிஷம் நின்றது. என் நெஞ்சும் நின்றது! படிந்த பனியை உருக்குவதற்காக யந்திரம் சற்றுத் திரும்பி ஓடியதுதான். குப்பென்று நீராவி கிளம்பிற்று, தண்ணீர் சொட்டிற்று, மறுபடி விசிறி சுழன்றது. சுவரில் 20 டிகிரி. பேத்தி போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"வந்து படுங்கள். இங்கே நைட் ஷிப்டுக்கு ஆள் எடுக்கவில்லை" என்றது இருட்டிலிருந்து என் மனைவியின் குரல்.