ஆம்ஸ்டர்டாமில் ஒரு குமிழித் திரை

ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் வீதி எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்வது கஷ்டம். வாசற்படியை விட்டு இறங்கினால் நாலடி நடைபாதை, அதற்கப்பால் கால்வாய். கால்வாயைத் தாண்ட ஒரு பாலம். பாலத்தைத் தாண்டினால் மறுபடியும் கால்வாய்! எல்லாக் கால்வாய்களையும் கூட்டினால் சுமார் 100 கிலோ மீட்டர் நீளம் வரும். 17-ஆம் நூற்றாண்டில் வெட்டிய பெரிய கால்வாய்கள் நகரத்தின் நடுப்பாகத்தை வில் வில்லாக வளைத்துக்கொண்டு, யாரோ கைதேர்ந்த அம்மாள் இழைக்கோலம் போட்டமாதிரி இருக்கின்றன. அந்தக் கோலத்தை 2010-ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

இத்தனை அழகான கால்வாய்களுக்கு அடியில் என்ன இருக்கிறது தெரியுமா? சைக்கிள்கள்! வருஷத்துக்கு 12,000 முதல் 15,000 சைக்கிள்களைப் படகில் வந்து, இரும்புக் கொக்கியால் கவ்வி வெளியே எடுக்கிறார்கள். அவை எப்படி உள்ளே விழுகின்றன என்று விசாரித்தால் ஒருவரும் நேரான பதில் சொல்வதில்லை. காற்று தள்ளிற்று என்கிறார்கள். காற்றைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது அல்லவா?

சைக்கிளாவது கொக்கிக்கு அகப்படும். பிளாஸ்டிக் விஷயம் அப்படி இல்லை. குப்பை வாரும் படகுகள் ஆண்டுக்குச் சுமார் 42,000 கிலோ பெரிய பிளாஸ்டிக் சாமான்களை மேலாக அள்ளுகின்றன. அள்ளாமல் விட்டது? பிளாஸ்டிக் மக்கிப் போவதில்லை. வெயிலிலும் அலையிலும் அடிபட்டு நொறுங்குகிறது. பை கிழிசலாகிறது, கிழிசல் துணுக்காகிறது, துணுக்கு பொடியாகிறது. 5 மில்லி மீட்டருக்குக் கீழே போய்விட்டால் அதற்கு மைக்ரோ பிளாஸ்டிக் என்று பெயர். அந்த ஊர் ஃப்ரெயே சர்வகலாசாலை விஞ்ஞானிகள் கால்வாய் ஜலத்தை மொண்டு எடுத்து எண்ணிப் பார்த்து, 2017-ல் கணக்கை வெளியிட்டார்கள். ஒரு லிட்டரில் 48 முதல் 187 துகள்கள் வரை! மேலே அன்னம் நீந்துகிற தண்ணீர்தான். பார்வைக்கு ஒன்றும் தெரியாது.

நான் போயிருந்தது 2022-ஆம் ஆண்டு கோடையில். என் தங்கை மகள் அங்கே குடித்தனம் இருக்கிறாள். ஓவியக் கூடங்களையும் பூச்சந்தையையும் காட்டி முடித்த பிறகு, "பெரியம்மா, இன்னும் ஒரே ஒரு வேடிக்கை பாக்கி இருக்கிறது. டிக்கெட் கிடையாது" என்றாள். டிக்கெட் கிடையாது என்றதும் எனக்குக் கால் வலி போய்விட்டது.

சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு மேற்கே கால் மணி நடந்தால் வெஸ்டர்டாக் என்ற இடம். நகரத்துக் கால்வாய்கள் ஐ என்கிற பெரிய நீர்ப்பரப்பில் போய்க் கலக்கும் வாயில்களில் அது ஒன்று. அதற்கப்பால் தண்ணீர் வடகடலை நோக்கிப் போய்விடும். அங்கே, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, நேராக இல்லாமல் சாய்வாக, 60 மீட்டர் நீளத்துக்குத் தண்ணீர் பொங்கிக்கொண்டிருந்தது. உலை கொதிக்கிற மாதிரிதான். ஆனால் ஆவி இல்லை, சத்தமும் அதிகம் இல்லை.

விஷயம் இதுதான்: கால்வாயின் தரையில் துளைகள் போட்ட குழாய் ஒன்றைக் கிடத்தியிருக்கிறார்கள். கரையிலிருந்து அதற்குள் காற்றை அழுத்தி அனுப்புகிறார்கள். துளை வழியே காற்று குமிழி குமிழியாக மேலே ஏறுகிறது; ஏறும்போது சுற்றியுள்ள தண்ணீரையும், அதில் அமிழ்ந்து மிதந்து வரும் குப்பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வருகிறது. மேலே வந்த குப்பை திரையைத் தாண்ட முடியாது. திரை சாய்வாக இருப்பதால், ஓடுகிற தண்ணீரே அதை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், கரையருகே மிதக்கும் ஒரு தொட்டியில் சேர்த்துவிடுகிறது. வலை இல்லை, கம்பி இல்லை. நாங்கள் நின்றுகொண்டிருந்தபோதே ஒரு படகு டக் டக் என்று திரையின் மேல் ஏறிப் போயிற்று. பின்னாலேயே ஒரு வாத்துக் குடும்பம். மீனுக்கும் வழி உண்டு. வலை கட்டினால் படகு எப்படிப் போகும், மீன் எப்படிப் போகும் என்ற கேள்விக்கு இதைவிட லாகவமான பதில் இருக்க முடியாது.

இதை நினைத்துப் பார்த்தவர்கள் மூன்று பெண்கள் - ஆன் மரீக்கே ஈவலீன்ஸ், பிரான்சிஸ் ஸூட், சாஸ்கியா ஸ்டூடர். ஒரு மாலை கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது கையிலிருந்த பீர்க் கோப்பையில் குமிழிகள் ஏறுவதைப் பார்த்து அவர்களுக்கு இந்த யோசனை உதித்ததாம். (ஹாலந்தில் அதெல்லாம் சகஜம், பாட்டிமார்கள் முகம் சுளிக்க வேண்டாம்.) பிலிப் ஏர்ஹார்ன் என்ற ஜெர்மானிய இளைஞர் ஆஸ்திரேலியாவில் ஒரு சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்தில், காற்றுக் குமிழிகள் பிளாஸ்டிக்கை ஓரம் கட்டுவதைக் கண்டு, தானாகவே அதே முடிவுக்கு வந்திருந்தார். நால்வரும் சேர்ந்தார்கள். 2019 நவம்பரில் வெஸ்டர்டாக்கில் குமிழி எழும்பத் தொடங்கியது. சோதனைக்காக மிதக்கவிட்ட பொருள்களில் நூற்றுக்கு 86 அகப்பட்டன.

தொட்டியை எட்டிப் பார்த்தேன். பாட்டில் மூடி, ஐஸ்கிரீம் கரண்டி, ஒற்றைச் செருப்பு, வெள்ளைத் தெர்மக்கோல் உருண்டைகள், இலைச் சருகு. நம் ஊர் வாய்க்கால் மதகில் கிடப்பதும் இதேதான்.

"பொடிகூட அகப்படுமா?" என்று கேட்டேன்.

"ஒரு மில்லி மீட்டர் வரைக்கும்தான், பெரியம்மா. கடுகு அகப்படும், ரவை நழுவிவிடும்!"

இந்த விவகாரம் முழுவதையும் அந்த ஒரு வாக்கியத்தில் அடக்கிவிட்டாள் அந்தப் பெண். பெரிதாக இருக்கும்போது பிடிப்பது சுலபம். பொடியாகப் பொடியாகச் சிரமமும் செலவும் ஏறும். அந்த 2022-ஆம் ஆண்டு மார்ச்சில், அதே சர்வகலாசாலையார் இன்னொரு செய்தியைச் சொல்லியிருந்தார்கள். ரத்ததானம் செய்த 22 பேருடைய ரத்தத்தைச் சோதித்ததில் 17 பேர் ரத்தத்தில் பிளாஸ்டிக் இருந்தது. மனித ரத்தத்தில் அதை அளந்து காட்டியது அதுதான் முதல் தடவை. உடம்புக்கு அதனால் இன்ன கெடுதல் என்று தீர்மானமாகச் சொல்லும் கட்டம் அப்போது வரவில்லை. ஆனாலும் குழந்தை குட்டி உள்ளவர்கள் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கக்கூடிய செய்தியா இது? ரத்தத்தில் அதிகம் பேரிடம் காணப்பட்டது 'பெட்' என்னும் ரகம். தண்ணீர்ப் பாட்டில் செய்வது அதில்தான். அதையே நூலாக இழுத்தால் பாலியெஸ்டர்! நம் அலமாரியில் 'துவைத்தால் கசங்காது, இஸ்திரி வேண்டாம்' என்று நாம் சீராட்டி வைத்திருக்கிறோமே, அந்தப் புடவைகளும் பாட்டிலும் கூடப் பிறந்தவை.

அன்று மாலை வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் துணிகளை நேரே போடாமல், மெல்லிய சல்லாத் துணியில் தைத்த ஒரு பெரிய பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடி வைத்திருந்தாள். பெர்லினில் அலைச்சறுக்கு விளையாடும் இரு நண்பர்கள் கண்டுபிடித்த பையாம் அது. கப்பிஃபிரண்ட் என்று பெயர். இங்கிலாந்தில் பிளிமத் சர்வகலாசாலையில் 2016-ல் கணக்கிட்டார்கள்: ஆறு கிலோ அக்ரிலிக் துணியை ஒரு தடவை துவைத்தால் ஏழு லட்சத்துக்கும் அதிகமான இழைத்துணுக்குகள் தண்ணீரோடு போகக்கூடும். தலைமயிரைவிட மெல்லியவை, குமிழித் திரை இவற்றை என்ன செய்யும்? பையின் தையல் ஓரங்களில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் வழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். தொட்டியில் பையை அலசினால் எல்லாம் வீண்; வந்த வழியே சாக்கடைக்குத்தான் போய்ச் சேரும்.

சாக்கடைக்குப் போனதையும் ஒரேயடியாகக் கைகழுவிவிடவில்லை. சுத்திகரிப்பு நிலையங்களில் முதலில் படிய வைக்கிறார்கள். பிறகு கிருமிகளைக் கொண்டு அழுக்கைத் தின்ன வைக்கிறார்கள். துகள்களில் பெரும்பகுதி சேற்றோடு சேர்ந்து அடியில் தங்கிவிடுகிறது. ஹாலந்தின் சில நிலையங்களில் அளந்தபோது சராசரியாக நூற்றுக்கு 72 தங்கியிருந்தது. அந்தச் சேற்றை வேறு பல தேசங்களில் எருவென்று வயலில் கொட்டுகிறார்கள். தண்ணீரிலிருந்து எடுத்து மண்ணில் போட்டால் சுத்தம் செய்ததாகுமா? ஹாலந்தில் வயலுக்கு விடுவதில்லை, எரித்துவிடுகிறார்கள். மீதி 28 ஆற்றுக்கும் கால்வாய்க்கும் போகிறது.

அப்படியானால் குடிக்கிற தண்ணீர்? அதற்கு நகரத்தை விட்டு வெளியே போகவேண்டும். ரயிலில் ஹீம்ஸ்டேட்-ஆர்டன்ஹவுட் ஸ்டேஷனில் இறங்கி அரைமணி நடந்தால் மணல் மேடுகள் ஆரம்பமாகின்றன. 3,400 ஹெக்டேர் பரப்பு! கடற்கரை மணல் காலங்காலமாகக் குவிந்து, புல்லும் புதரும் மூடிய குன்றுகள். பாதையை விட்டு விலகி எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். புள்ளி போட்ட மான்கள் நம்மைக் கண்டு பயப்படுவதே இல்லை; சாவகாசமாகத் தலையைத் திருப்பி, 'நீதானா?' என்பதுபோல் பார்த்துவிட்டு மேய்கின்றன. குன்றுகளுக்கு நடுவே நீள நீளமாகத் தெளிந்த நீரோடைகள். ஆம்ஸ்டர்டாம் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி இந்த மணலுக்குள் இறங்கி வருவதுதான்.

இதற்கு அடிகோலியவர் ஒரு நாவலாசிரியர் என்றால் நம் தொடர்கதை வாசகிகளுக்குச் சந்தோஷமாக இருக்கும். யாகோப் வான் லென்னப் என்பவர், ஊர் ஜனங்கள் படகில் வரும் தண்ணீரை விலைக்கு வாங்கியும் மழைத் தண்ணீரைச் சேர்த்தும் குடிப்பதைப் பார்த்து, மணல் மேட்டு ஜலத்தைக் குழாயில் கொண்டுவர 1851-ல் கம்பெனி அமைப்பதில் முன்னின்றார். 1853 டிசம்பர் 12-ஆம் தேதி, நகரத்தின் மேற்கு வாயிலில் முதல் குழாய் திறந்தது. ஒரு வாளி ஒரு சென்ட்! ஊர் பெருகப் பெருக மணலில் இருந்த நல்ல தண்ணீர் போதவில்லை. கடல் உப்பு உள்ளே வர ஆரம்பித்தது. எனவே 1957 முதல் ரைன் நதித் தண்ணீரை நியூவகைன் என்ற ஊரில் எடுத்து, முதற் சுத்தம் செய்து, குழாய் வழியே மணல் மேடுகளுக்கு அனுப்புகிறார்கள்.

அந்த முதற் சுத்தம் நமக்குத் தெரியாத வித்தை அல்ல. கலங்கல் தண்ணீரில் நம் பாட்டிமார்கள் தேற்றாங்கொட்டை இழைத்து விடுவார்களே, படிகாரம் சுற்றுவார்களே, அதே தத்துவம்தான். அங்கே இரும்பு உப்புக் கரைசலை விடுகிறார்கள். மிதக்கும் தூசுகள் ஒன்றோடொன்று ஒட்டி, கனத்துப் போய் அடியில் உட்காருகின்றன. பிளாஸ்டிக் பொடியிலும் ஒரு பங்கு அதனோடு இறங்கும். பிறகு மணலில் வடித்து அனுப்புகிறார்கள். மணல் மேட்டில் இறங்கிய தண்ணீர் சுமார் மூன்று மாதம் மணலோடு மணலாக ஊர்ந்து, மறுபுறம் வெளிப்படுகிறது. மூன்று மாதம்! நாம் வடிகட்டியில் காப்பி இறங்குவதற்கே பொறுமை இழக்கிறோம்.

பிறகு லைடவ்ன் என்னுமிடத்தில், மறுபடி மணல் வடிப்பு, ஓசோன் வாயு, சுண்ணாம்புக் கடுமையைக் குறைத்தல், கரித்தூள் படுகை. எல்லாவற்றுக்கும் கடைசியாக மெதுவாக வடியும் மணற்படுகை. அதன் மேல் படியும் மெல்லிய உயிர்ப்படலம்தான் நுண்ணிய வடிகட்டி. அழுக்கு என்று பார்த்தால் அழுக்கு, அதுவே காவல்காரன். நம் சென்னையில் கீழ்ப்பாக்கத்தில் 1914-ல் அமைத்ததும் இதே மெது மணல் வடிப்புதான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் மூன்று பானை அடுக்கி மணல், கரி, கூழாங்கல் படம் போட்டிருப்பார்களே, அதைத் தெரு அகலத்துக்குப் பெரிதாக்கினால் லைடவ்ன்! கடைசியில் குளோரின்கூடப் போடுவதில்லை. பிளாஸ்டிக் பொடியையும் மணல் நன்றாகவே நிறுத்துகிறது. தூசியிலும் தூசியாகப் போனவற்றைப் பிடிப்பது இருக்கட்டும், எண்ணுவதே பெரும்பாடு.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்: நுழைவுக் கட்டணம் சொற்பம். நாய்க்கு அனுமதி இல்லை. மணலில் நடப்பதால் புடவையைவிடச் சல்வார் சௌகரியம். கடற்காற்று அடிக்கும், ஆகஸ்டு மாதத்திலும் ஒரு கம்பளிச் சட்டை வேண்டும். நாங்கள் புளியோதரையும் சிப்ஸும் கட்டிக்கொண்டு போயிருந்தோம். தண்ணீர்ப் பாட்டில் வாங்கவில்லை. வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீரைப் பித்தளைக் கூஜாவில் எடுத்துக்கொண்டோம். தாழம்பூவும் விளாமிச்சை வேரும் போடாமலே ருசியாக இருந்தது.