பிள்ளையைத் தின்றவள் பெயரைப் பிள்ளைக்கு வைக்கும் ஊர்கள்... புளியறை எல்லையில் உருமாறும் நீலி!

தென்காசியிலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744-ல், தமிழ்நாட்டின் எல்லை ஊர் புளியறை. சாலையின் இரண்டு பக்கமும் வயல்; வயல் முடிகிற இடத்தில் மலை. சாரல் சீசன் தொடங்கிவிட்டால் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று, பிடித்திருக்கும் குடையைத் திருப்பிப் போட்டுவிடும். வைக்கோல் லாரி, காய்கறி லாரி, கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்களின் வேன் என்று சாலைக்கு ஓய்வே கிடையாது. சோதனைச்சாவடியில் எல்லோருக்கும் ஒரே கேள்விகள்தான். யார் நீங்கள்? எங்கிருந்து வருகிறீர்கள்? வண்டியில் என்ன இருக்கிறது?

இந்தப் பக்கத்துக் கதைகளில் இதே கேள்விகள் வேறு ஒருத்தியிடம் கேட்கப்படுகின்றன. இருட்டிய பிறகு, ஆள் நடமாட்டம் இல்லாத காட்டு வழியில், இடுப்பில் குழந்தையோடு தனியாக வரும் பெண்ணிடம். அவள் நிஜமாகவே பெண்தானா? இடுப்பில் இருப்பது குழந்தைதானா?

மலைக்குக் கிழக்கே அவள் பெயர் நீலி, இசக்கி. மலையைத் தாண்டினால் யட்சி.

புளியமரப் பொந்தில் ஒரு சாமி

கதைக்குப் போகும் முன் ஊர்ப் பெயரையும் பார்த்துவிடலாம். புளியறை என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது தட்சிணாமூர்த்தி. இங்குள்ள சதாசிவமூர்த்தி கோயிலில் குருவுக்குத்தான் சிறப்பு; வியாழக்கிழமையும் குருப்பெயர்ச்சியும் வந்துவிட்டால் கூட்டம் தாங்காது. முன்னொரு காலத்தில் ஆபத்துக்குப் பயந்து சிதம்பரம் நடராஜரை எடுத்து வந்தவர்கள், இங்கே ஒரு புளியமரத்தின் பொந்தில் மறைத்து வைத்தார்கள் என்கிறது தலபுராணம். புளியமரமே அறையானதால் புளியறை.

தமிழ்நாட்டில் புளியமரம் என்றால் பேய் குடியிருக்கும் மரம். பாட்டிகள் இரவில் அதன் கீழே படுக்க விடமாட்டார்கள். அப்படிப்பட்ட மரத்துக்குள் சாமியை ஒளித்து வைத்ததாக ஓர் ஊர் கதை சொல்கிறது! பயப்பட வேண்டிய இடத்துக்கும் கும்பிட வேண்டிய இடத்துக்கும் நடுவே பெரிய மதில் எதுவும் கட்டிக்கொள்ளாத பகுதி இது. நீலி கதையும் அப்படித்தான்.

கள்ளிச்செடி சொன்ன சாட்சி

தென்காசி, நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களின் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டாகப் பாடப்படுகிற கதை இது. ஊருக்கு ஊர் பெயர்கள் மாறும், எலும்புக்கூடு ஒன்றுதான்.

ஒரு தாசி வீட்டுப் பெண்ணிடம் மயங்கி, இருந்ததையெல்லாம் இழக்கிறான் ஒருவன். கையில் காசில்லை என்றதும் பெண்ணின் தாய் அவனை விரட்டிவிடுகிறாள். மகளுக்கோ மனம் கேட்கவில்லை. போட்டிருந்த நகையோடு அவன் பின்னாலேயே காட்டுக்குப் போகிறாள். களைத்துப்போய் அவன் மடியில் தலைவைத்துத் தூங்குகிறாள். அவன் கண்ணுக்குத் தெரிந்தது நகை மட்டும்தான். மெதுவாக அவள் தலையை இறக்கி மணலில் வைத்துவிட்டு, கல்லைத் தூக்கிப் போட்டுக் கொன்றுவிடுகிறான். பார்த்துக்கொண்டிருந்தது பக்கத்தில் நின்ற ஒரு கள்ளிச்செடி மட்டும்.

அடுத்த பிறவியில் அவன் வணிகன். அவள் நீலி. காட்டு வழியில் அழகான பெண்ணாக எதிரே வருகிறாள். எச்சரிக்கையாக மந்திரித்த கத்தியைக் கையிலேயே வைத்திருக்கும் அவன் ஓட்டமெடுக்கிறான். நீலி ஒரு கள்ளிக் கொம்பை ஒடிக்கிறாள். அது குழந்தையாகிறது. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதபடியே அவனைத் துரத்தி ஊருக்குள் நுழைகிறாள்.

ஊர்ப் பெரியவர்கள் கூடுகிறார்கள். ‘இவர் என் புருஷன், கோபித்துக்கொண்டு வந்துவிட்டார்’ என்கிறாள் அவள். ‘இவள் பேய்’ என்கிறான் அவன். குழந்தையை இறக்கிவிட்டுப் பார்க்கிறார்கள். அது நேராக அவனிடம் ஓடி ‘அப்பா’ என்கிறது. அதற்குமேல் யார் என்ன பேசுவது? இரண்டு பேரையும் ஒரே வீட்டில் தங்கச் சொல்கிறார்கள். ‘கத்தியோடு இருக்கிறாரே, என்னைக் கொன்றுவிட்டால்?’ என்று அவள் கேட்க, கத்தியையும் வாங்கிவிடுகிறார்கள். விடிந்து கதவைத் திறந்தால் அவன் பிணம் மட்டும் கிடக்கிறது.

இரண்டு பிறவியிலும் அந்த ஆள் வாய் திறந்து உண்மை சொன்னது அந்த ஒரே நாள்தான். அன்றைக்குப் பார்த்து ஒருவரும் நம்பவில்லை!

இதே கதையின் வடக்கத்தி வடிவம், திருவாலங்காட்டுக்கு அருகே உள்ள பழையனூரில் நடந்ததாகச் சொல்லப்படுகிறது. அங்கே வணிகனுக்கு ஏதாவது ஆனால் தங்கள் உயிரைத் தருவதாக வாக்குக் கொடுத்தவர்கள் 70 வேளாளர்கள். அவன் செத்ததும் சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இந்தச் சம்பவத்தின் குறிப்பு இருக்கிறது. கதையின் ஒரு வடிவத்தில் இன்னொரு திருப்பம் உண்டு. வணிகனைக் கொன்ற நீலி, மறுநாள் அவனுடைய தாயின் உருவத்தில் வருகிறாள். ‘என் பிள்ளை எங்கே?’ என்று தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள். அந்த அழுகைதான் எழுபது பேரையும் தீ வரை கொண்டுபோய் நிறுத்துகிறது.

பொய்யாக அழுகிறவர்களைப் பார்த்து ‘நீலிக் கண்ணீர் வடிக்காதே’ என்கிறோமே, அந்த நீலி இவள்தான். மற்ற கதைகளில் பேய் கோரைப்பல்லோடு வந்து பயமுறுத்தும். நீலி, கதவை அடைக்க மனம் வராத உருவங்களில் வருகிறாள். கைக்குழந்தைக்காரி. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்.

முதல் குரலுக்குப் பதில் சொல்லாதே

சாவு நடந்த வீட்டில் கடைப்பிடிக்கும் வழக்கங்களைப் பார்த்தால் இந்தப் பயம் எவ்வளவு ஆழமானது என்று புரியும். உடல் கிடந்த இடத்தில் காரியம் முடியும் வரை விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்வார்கள். சுடுகாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது. கர்ப்பிணிகளைத் துக்க வீட்டுப் பக்கமே அனுப்பமாட்டார்கள். முக்கியமாக, இரவில் வாசலில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் குரலுக்கே ‘வாரேன்’ என்று சொல்லிவிடக் கூடாது. மூன்று முறை கூப்பிட வேண்டும். பேய் என்றால் மூன்றாவது முறை கூப்பிடாது என்பது நம்பிக்கை.

துக்க வீட்டுக்காரர்களுக்கு அந்தக் குரல் கேட்கிறது என்பதில் பொய்யில்லை. வேல்ஸ் நாட்டில் தேவி ரீஸ் என்ற மருத்துவர், கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரிடம் பேசி, 1971-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வை வெளியிட்டார். கிட்டத்தட்ட பாதிப் பேர், இறந்த துணை பக்கத்தில் இருப்பதாக உணர்ந்திருக்கிறார்கள். சிலர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள், சிலர் குரல் கேட்டிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் அதை யாரிடமும் சொன்னதே இல்லை. பலருக்கு அது ஆறுதலாகவும் இருந்திருக்கிறது. ஆக, அம்மா செத்த மூன்றாம் நாள் அடுக்களையில் அம்மாவின் வளையல் சத்தம் கேட்டால் மந்திரவாதியைத் தேடி ஓட வேண்டியதில்லை. அழுகிற வீட்டைத் தேடி வந்து ‘செத்தவர் ஆவி கோபமாக இருக்கிறது, பரிகாரத்துக்கு இவ்வளவு ஆகும்’ என்று கணக்குச் சொல்கிறவர்களிடம்தான் மூன்று முறை யோசிக்க வேண்டும்.

அவள் சுமையை இறக்கி வைக்க ஒரு கல்

தென் மாவட்டங்களின் பழைய சாலைகளில் போகும்போது, இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் குறுக்கே வைத்திருப்பதைப் பார்த்திருக்கலாம். சுமைதாங்கிக் கல். தலைச்சுமையோடு நடந்து போகிறவர்கள், இறக்கிவிட ஆள் இல்லாமல் தாங்களே மூட்டையை வைத்து இளைப்பாறுவதற்கான ஏற்பாடு. பாரம் தூக்கி நடந்த காலத்தில் கல் நட்டவர்கள் பெரிய உபகாரிகள்தான்.

ஆனால் அந்தக் கற்களில் பலவற்றுக்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக, அவள் குடும்பத்தார் நட்ட கல். இறக்கி வைக்காமலே போய்விட்ட சுமை அவளை அலையவிடும். வழிப்போக்கர் ஒவ்வொருவரும் அங்கே பாரத்தை இறக்கும்போது அவள் பாரமும் கொஞ்சம் குறையும் என்று நம்பினார்கள். பிரசவத்தில் செத்தவள் பேயாக வருவாள் என்ற பயமும், நம் வீட்டுப் பெண்ணாயிற்றே என்ற தவிப்பும் ஒரே கல்லில் இருக்கின்றன.

கல்யாணமாகாமல் இறந்த பெண்ணுக்கு வேறு வழி. அவள் வீட்டுக் கன்னி. புதுச் சேலையும் வளையலும் வாங்கிப் பெட்டியில் வைத்து, வருஷம் தவறாமல் பொங்கலிட்டுக் கும்பிடும் குடும்பங்கள் இந்தப் பக்கம் ஏராளம்.

கொலையுண்ட நீலிக்கும் இதே கதிதான் கிடைத்தது. விரட்டவில்லை, இருக்க இடம் கொடுத்தார்கள். இயக்கி என்ற சொல் மருவி இசக்கி ஆனாள். அவளுடைய பெரிய கோயில் குமரி மாவட்டம் ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலில் இருக்கிறது. அதுவும் புளியறையைப் போலவே மலைக்கு நடுவே காற்று அறைகிற ஒரு கணவாய்! இசக்கியின் மண் சிலைகளில் ஒரு கையில் குழந்தை இருக்கும். பல சிலைகளில் இன்னொரு குழந்தை வாயில், பல்லுக்கு நடுவே. அந்தச் சிலைக்கு முன்னால்தான் பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறார்கள். பிறந்த பிள்ளைக்கு இசக்கியம்மாள், இசக்கிமுத்து, இசக்கிராஜா. தென்காசி பக்கம் எந்தப் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டைத் திறந்தாலும் ஓர் இசக்கியாவது கிடைப்பார்.

2018-20 மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 54 தாய்மார் இறந்தார்கள். கேரளத்தில் 19 பேர். புதிதாகச் சுமைதாங்கி நடுகிறவர்கள் இன்று அநேகமாக இல்லை. தொட்டில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எல்லை தாண்டினால் வெள்ளைச் சேலை

புளியறையைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறும் சாலை, எல்லையில் கோட்டைவாசல் கருப்பசாமியிடம் போய் நிற்கிறது. லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போவார்கள். அதற்குப் பிறகு ஆரியங்காவு.

செங்கோட்டைப் பகுதியே 1956 நவம்பர் 1 வரை மலையாளத்து ராஜ்ஜியங்களோடுதான் இருந்தது. மாநிலப் பிரிவினையில் கோடு விழுந்ததே தவிர, கதைகள் இரண்டு பக்கமும் புழங்கிக்கொண்டேயிருக்கின்றன. கேரளத்து யட்சி வெள்ளைச் சேலை கட்டி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள். கொடுத்தால் பனைமரம் மாளிகையாகத் தெரியும். விடிந்தால் மரத்தடியில் எலும்பும் முடியும் கிடக்கும். அங்கே பிரபலமான கள்ளியங்காட்டு நீலியை, கடமற்றத்துக் கத்தனார் என்ற பாதிரியார் அடக்கியதாகக் கொட்டாரத்தில் சங்குண்ணியின் ‘ஐதிஹ்யமாலா’ சொல்கிறது. 2025 ஓணத்துக்கு வந்து சக்கைப்போடு போட்ட ‘லோகா’ படத்தில் கல்யாணி பிரியதர்ஷன் ஏற்றது இந்த நீலியைத்தான். இந்த முறை அவள் சூப்பர் ஹீரோ! ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழ் சமணர்கள் ‘நீலகேசி’ காப்பியத்தில் பழையனூர் நீலியைத் திருத்தி, வாதம் செய்து வெல்லும் அறிவாளியாக்கிவிட்டார்கள் என்பதால் நமக்கு இது ரொம்பப் புதிதில்லை.

போக நினைப்பவர்களுக்கு

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் காலம். குற்றாலத்தில் குளித்துவிட்டு, அரைநாள் ஒதுக்கினால் புளியறை கோயிலையும் மலைப்பாதையையும் பார்த்துவிடலாம். செங்கோட்டையிலிருந்து கொல்லம் ரயிலில் ஏறினால் அடுத்து பகவதிபுரம்; அதன்பின் மலையைக் குடைந்த நீண்ட குகைக்குள் ரயில் நுழையும். 1904-ல் போட்ட மீட்டர்கேஜ் தடம், அகலப்பாதையாகி 2018-ல் முழுமையாகத் திறந்த வழி இது. பகல் வண்டியாகப் பார்த்து ஏறுவது நல்லது, ஜன்னலோர இடம் பிடித்தால் இன்னும் நல்லது. குகைக்குள் போனதும் குழந்தைகள் கத்துவார்கள். பெட்டியில் யாராவது ஒரு பாட்டி, ‘இருட்டுல பேரைச் சொல்லிக் கூப்பிடாதீயல’ என்று அதட்டலாம்.